நாரை என்ற பெயர்

என் தம்பி லெனர்ட் கையில் வாளோடு செத்தான் என்று மால்கம் ஸ்டாட் மேடையில் சொன்னபோது கூட்டம் கைதட்டியது. நார்விச்சில், பழைய செருப்புத் தொழிற்சாலை ஒன்றில் நடந்த கணினிக் கண்காட்சி அது. தொலைபேசிக் கம்பி வழியாக முன்பின் தெரியாதவர்கள் ஒன்றாக விளையாடத் தொடங்கிய அந்த முதல் வருடங்களைப் பற்றிப் பேச அவனை அழைத்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில் மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

லென் செத்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். கையில் இருந்தது மருந்து ஏற்றுகிற ஊசி. மால்கம் சொன்னது விளையாட்டில் லென் நடத்திய ஆளைப் பற்றி. அந்த ஆளும் வாளோடு சாகவில்லை. வாள் தரையில் கிடந்தது. அதைக் கீழே போட்டவள் நான்தான்.

1984ஆம் வருடம் நாங்கள் இருவரும் லோஸ்டாஃப்டில் அப்பா விட்டுப்போன வீட்டில் இருந்தோம். நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். லெனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தோட்டத்தில், அப்பா உருளைக்கிழங்கு போட்ட இடத்தில், ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு தகர அறையைக் கொண்டுவந்து இறக்கி, ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரத்தை அதில் வைத்துக்கொடுத்தார்கள். ஊசி போட எனக்கும் பயிற்சி கொடுத்தார்கள். இடது கையில் இரண்டு ஊசி ஏற்றிவிட்டால் அந்தக் கையை அசைக்கக் கூடாது. ரத்தம் சுற்றி முடிய ஓர் இரவு போய்விடும். ஏதாவது ஆகிவிட்டால் கூப்பிடுவதற்கென்று அந்த அறைக்குத் தனியாக ஒரு தொலைபேசியும் கொடுத்திருந்தார்கள்.

அந்தத் தொலைபேசியில்தான் அவன் விளையாடினான்.

வீட்டுக் கணினி ஒன்றை வாங்கி, தொலைபேசியின் ரிசீவரை ஒரு ரப்பர் கிண்ணத்தில் கவிழ்த்து வைத்து, வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தின் பெரிய கணினிக்குப் பேசுவான். அங்கே இரண்டு மாணவர்கள் எழுதி வைத்த விளையாட்டு அது. பெயர் 'தீவு'. பகலில் அந்தக் கணினி பேராசிரியர்களுக்கு. அவர்கள் காலையில் வேலைக்கு வருவதற்கு முன்னால் மட்டும் வெளியாட்களை உள்ளே விடுவார்கள். படம் கிடையாது, சத்தம் கிடையாது. பச்சை எழுத்து மட்டும். 'நீ சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நிற்கிறாய். கிழக்கே படகுத்துறை. இங்கே பாதிரி நிற்கிறார்.' அந்தப் பாதிரி கணினி உண்டாக்கிய ஆள் இல்லை. எங்கோ ஒரு ஊரில், இவனைப் போலவே விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதன். அதுதான் லெனைப் பைத்தியமாக்கியது.

அலுவலகத்துக்குக் கிளம்பும் முன் டீ எடுத்துக்கொண்டு போவேன். அவனுக்கு அரைக் கோப்பைதான், அதற்கு மேல் தண்ணீர் கூடாது.

"காலங்காத்தால என்னடா திருடுற?"

"வெள்ளித் தட்டு. கிணத்துல போடப் போறேன்."

"திருடி எதுக்குடா கிணத்துல போடுற?"

"பாழுங்கிணத்துல போட்டாத்தான் புள்ளி. புள்ளி சேந்தா மந்திரவாதி ஆயிடலாம்."

"ஆகி?"

"அப்புறம் சாவே கிடையாது. உன் டீயக் குடிச்சாக்கூடச் சாக மாட்டேன்."

"ஒரு நாள் கிட்னி ஒண்ணு கிடைக்கும். ஆஸ்பத்திரியிலேருந்து கூப்பிடுவாங்க. நீ லைன்ல பேய் பிடிச்சிட்டு இருப்ப."

"எங்கேஜ்டுன்னு கிட்னியத் திருப்பி அனுப்பிடுவாங்க. போ ஹேசல், அவங்ககிட்ட வீட்டு நம்பர்தான் இருக்கு. என்னைப் பேசவிட்டு இங்க என் வெள்ளித் தட்ட எவனாச்சும் அடிச்சிட்டுப் போயிடப் போறான்."

தீவில் அவன் பெயர் நாரை. ஒற்றைக் காலில் நிற்கிற பறவை, ஒற்றைக் கையால் அடிக்கிற தம்பி. அந்தக் காரணம் எனக்கும் இன்னும் ஒருவனுக்கும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு நாரை என்றால் மந்தமானவன். 'வடக்கே போ' என்று சொல்லவே ஒரு கையால் ஒவ்வோர் எழுத்தாக அடிப்பான். அடித்து முடிப்பதற்குள் எதிராளி இரண்டு முறை வெட்டியிருப்பான். ஆகவே சண்டை வரும் முன்பே ஓடிவிடுவான். தவளை என்று ஒருவன் எப்போதும் கிண்டல் செய்வான். லென் அதைச் சிரித்துக்கொண்டே எனக்குப் படித்துக் காட்டுவான்: "நாரை இன்னும் யோசிச்சிட்டு இருக்கு. யாராச்சும் அதுக்கு ஒரு மீன் வாங்கிக் குடுங்கப்பா." தன் நோயைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தவளை வாயை மூடியிருப்பான். லென் சொல்லவில்லை. "இங்க ஒரு எடத்துலயாவது நான் நோயாளி இல்ல. அதையும் கெடுக்கச் சொல்றியா?" என்றான்.

ஒருவனிடம் மட்டும் சொல்லியிருந்தான். பாதிரியிடம். லீட்ஸ் நகரில் வரி அலுவலக எழுத்தர், உண்மைப் பெயர் மால்கம் ஸ்டாட். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் ஊசி வலிக்கிற நாட்களில் லென் விளையாடாமல் சதுப்பு நில ஓரத்தில் நின்று இவனோடு பேசிக்கொண்டிருப்பான். என்னிடம் சொல்லாததையும் இவனிடம் சொல்லியிருக்கிறான் என்று பிறகுதான் தெரிந்தது.

தீவில் பொய் சொல்லலாம், திருடலாம், தூங்குகிறவனைக்கூட வெட்டலாம். வெட்டியவனுக்கு, செத்தவன் சேர்த்து வைத்த புள்ளியில் ஒரு பெரும் பங்கு போய்ச் சேரும். செத்தவன் பெயர் அழிந்துபோகும். அவன் மறுபடி ஒன்றுமில்லாதவனாகத் தொடங்க வேண்டும். இவ்வளவையும் சரி என்று ஏற்றுக்கொண்ட கூட்டத்தில் ஒரே ஒரு காரியம் மட்டும் அசிங்கமாக இருந்தது. ஒருவர் ஒரு பொருளைக் கொடுக்கும்போது, வாங்குகிறவர் முதலில் கையில் இருப்பதை எல்லாம் கீழே போடுவார். வெறுங்கையாக இருக்கிறேன், உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம். அப்படி நிற்கிறவரைத் தொடக் கூடாது. கணினி தடுக்காது. ஆட்களாக வைத்துக்கொண்ட வழக்கம் அது. லென் அதைச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு பெருமை இருக்கும், ஏதோ அவனே உண்டாக்கிய சட்டம் போல.

அடுத்த வருடம் பிப்ரவரியில் நார்விச் ஆஸ்பத்திரியில் அவன் இதயம் நின்றுபோனது. அப்போது மந்திரவாதி ஆவதற்கு அவனுக்குக் கொஞ்சம்தான் பாக்கி.

இயந்திரத்தை எடுத்துப்போக ஆட்கள் வந்தார்கள். குழாயைக் கழற்றி, தரையில் இருந்த உப்புத் திட்டைத் துடைத்துவிட்டுப் போனார்கள். தொலைபேசியை எடுக்க வேறு துறை வர வேண்டுமாம். அந்தத் துறை கோடைக்காலம் வரை வரவில்லை. கணினி அப்படியே இருந்தது.

எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மூன்று மாதம் வராத பெயரைத் தீவு அழித்துவிடும் என்று லென் ஒரு முறை சொல்லியிருந்தான். பல்கலைக்கழகக் கணினியில் இடம் குறைவு. ஆகவே வராதவனைத் துடைத்துவிட்டு வருகிறவனுக்கு இடம் கொடுப்பார்கள். மந்திரவாதிகளின் பெயரை மட்டும் அழிக்க மாட்டார்கள். கல்லறைக் கல்லுக்கு ஊர் விதி ஆயிரம் சொன்னார்கள், இந்த உயரம், இந்த அகலம், இத்தனை வரி. அதில் அவன் பெயரும் பிறந்த வருடமும் இறந்த வருடமும்தான் வந்தன. அவன் எங்கே சந்தோஷமாக இருந்தானோ அந்த இடத்தில் அவன் பெயர் இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். அவ்வளவுதான் நான் நினைத்தது.

ரகசியச் சொல் எனக்குத் தெரியும். ஊசி ஏற்றும்போது அவன் சொல்லச் சொல்ல எத்தனையோ முறை நான் அடித்திருக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு விடியற்காலை தகர அறைக்குள் போய் உட்கார்ந்தேன். குளிர் எலும்பைக் கடித்தது. 'நாரை, மீண்டும் வருக' என்றது திரை. தவளை எங்கிருந்தோ கத்தினான்: "அட, நாரை வந்திருக்குடா! எங்கய்யா போயிட்ட இத்தன நாளா, ஆப்பிரிக்காவுக்கா?"

"ஆமா" என்று அடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். ஒரு மெழுகுவத்தித் தண்டு, இரண்டு நாணயம், ஒரு வெண்கல மணி என்று தேடி எடுத்துக் கிணற்றில் போட்டேன். யாரையும் வெட்டவில்லை. யாராவது வந்தால் ஓடினேன். நன்றாகவே ஓடினேன். அங்கேதான் பிடிபட்டேன்.

ஒரு நாள் பாதிரி சதுப்பு நிலத்துக்கு வந்து பக்கத்தில் நின்றான். மற்றவர்கள் எல்லாம் அரைகுறை வார்த்தையில் கிண்டலை வீசிவிட்டுப் போய்விடும் அந்தத் தீவில், இவன் மட்டும் மெதுவாக, முழு வாக்கியமாக அடிப்பான்.

"நாரை, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"நேத்துத் தவளை உன்னத் துரத்துனப்ப எப்படி அவ்வளவு சீக்கிரம் தப்பிச்ச?"

"பழகிட்டேன்."

"பழகுனா ஒத்தக் கை ரெண்டு கை ஆயிடுமா? நீ யாரு?"

நான் தட்டச்சு செய்து பிழைக்கிறவள். பத்து விரலும் தானாகப் போய்விடும். அதைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை.

சொன்னேன். "நான் ஹேசல். லெனோட அக்கா. பிப்ரவரியில அவன் போயிட்டான்."

திரையில் எழுத்து வந்தது.

"ரொம்ப வருத்தமா இருக்கு. வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. உங்ககிட்டதான்."

"சொல்லாதீங்க. செத்தவங்க பேர்ல ஆடுறது இங்க ஒத்துக்க மாட்டாங்க. எதுக்காக ஆடுறீங்க?"

அதையும் சொன்னேன். மந்திரவாதி ஆகிவிட்டால் பெயர் நிலைக்கும், அன்றோடு நான் விட்டுவிடுவேன் என்றேன். இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டான். எண்ணைச் சொன்னேன்.

"அரசியோட மகுடத்தப் போட்டா தாண்டிடும். அது எங்கிட்ட இருக்கு. எனக்கு அது மட்டும் போதாது, இன்னும் நெறைய பாக்கி. பரவாயில்ல, லெனுக்காகத் தரேன். ஞாயித்துக்கெழம காலையில தேவாலயத்துக்கு வாங்க."

அந்த வார்த்தையைப் படித்துவிட்டு நான் அழுதேன். தம்பிக்கு இப்படி ஒரு நண்பன் இருந்திருக்கிறானே என்று. கடைக்குப் போகிற வழியில் நடைபாதையில் நின்றும் அழுதேன். மீன் கடைக்காரர் வெளியே வந்து ஒரு நாற்காலி போட்டார்.

ஞாயிறு விடிந்ததும் போனேன். 'நீ இடிந்த தேவாலயத்துக்குள் நிற்கிறாய். மேற்கே கதவு. இங்கே பாதிரி நிற்கிறார். அவர் கையில் மகுடம் இருக்கிறது.'

"வந்துட்டீங்களா. வெறுங்கையா நில்லுங்க, தரேன்."

விளக்கைக் கீழே போட்டேன். கயிற்றைப் போட்டேன். லென் இரண்டு வருடமாக வைத்திருந்த வாளைப் போட்டேன்.

'பாதிரி உன்னைத் தாக்குகிறார்.'

ஏதோ தவறுதலாக அடித்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். "நான்தான், ஹேசல்" என்று அடித்தேன். அதற்குள் இரண்டு வெட்டு விழுந்திருந்தது. மேற்கே ஓடு என்று அடித்தேன், பத்து விரலாலும். 'கதவு பூட்டியிருக்கிறது' என்றது திரை. மறுபடி அடித்தேன். 'கதவு பூட்டியிருக்கிறது.' வாளை எடு என்று அடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

'நீ இறந்துவிட்டாய். நாரை என்ற பெயர் நீக்கப்பட்டது.'

நான் உடனே வேறொரு பெயரில் உள்ளே போனேன். எதற்கென்று தெரியவில்லை, நாரையின் உடல் கிடக்கும் என்று நினைத்தேனோ என்னவோ. தீவு முழுக்க ஓர் அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது: 'பாதிரி மந்திரவாதி ஆனார்.' ஆளாளுக்கு வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். "மந்திரவாதி அய்யா, பழச மறந்துடாதீங்க!" என்று தவளை எழுதினான்.

அன்று மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. லோஸ்டாஃப்ட் தொலைபேசிப் புத்தகத்தில் தர்லோ என்ற எங்கள் குடும்பப் பெயரில் அதிகம் பேர் இல்லை.

"மிஸ் தர்லோ, மால்கம் பேசறேன். கோவமா இருப்பீங்கன்னு தெரியும்."

"கதவ ஏன் பூட்டினீங்க?"

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க. இது வெளிய தெரிஞ்சிருந்தா லென் பேரே நாறிப் போயிருக்கும். அக்காவ விட்டு ஆடவச்சான்னு பேசியிருப்பானுங்க. நான் அவனுக்கு ஒரு நல்ல சாவு குடுத்தேன். நண்பன் கையால."

"கதவ ஏன் பூட்டினீங்கன்னு கேட்டேன்."

"அவன் ஏற்கனவே செத்தாச்சுங்க."

"அப்ப அந்தப் புள்ளி யாருக்குப் போச்சு?"

"அது விளையாட்டோட விதி. நானா கேட்டு வாங்கல."

"மந்திரவாதி நெனச்சா எதையும் உண்டாக்கலாம்னு லென் சொல்லியிருக்கான். அவன் பேரத் திருப்பி வைங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "அப்படியெல்லாம் செய்யக் கூடாதுங்க. எங்களுக்குன்னு ஒரு கட்டுப்பாடு இருக்கு."

அன்று காலை ஆறு மணிக்கு மந்திரவாதி ஆனவன். 'எங்களுக்கு' என்றான்.

பிறகு நான் போகவில்லை. கேள்விப்பட்டதுதான். லென் செத்துப்போனதை எல்லாரிடமும் சொல்லி, சதுப்பு நிலத்தில் நாரையின் பெயரில் மால்கம் ஒரு கல் நட்டானாம். அன்றைக்கு மட்டும் எல்லாரும் ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து நின்றார்களாம். தவளை அழுதானாம். ஒரு கணினிப் பத்திரிகையில் மால்கம் அதை எழுதினான். நோயாளி நண்பன், அவனுடைய கடைசிச் சண்டை, திரையின் இரு பக்கமும் கண்ணீர். பிப்ரவரி என்ற மாதம் அந்தக் கட்டுரையில் இல்லை. நானும் இல்லை. பத்திரிகைக்கு எழுதிப்போட்டேன். வாசகர் ஆர்வத்துக்கு நன்றி என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது.

சில வருடங்களில் அந்தப் பல்கலைக்கழகம் பழைய கணினியை உடைத்து விற்றது. மந்திரவாதிகள் உட்பட எல்லாப் பெயரும் பழைய இரும்போடு போயின. அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் மால்கம் போகவில்லை. வரி அலுவலகத்தை விட்டு விளையாட்டு செய்யும் நிறுவனங்களில் சேர்ந்தான். இது பெரிய தொழிலாக வளர வளர அவன் முன்னோடி ஆனான். எங்கே பேசினாலும் நாரையின் கதையைச் சொன்னான். வானொலியில் ஒரு தடவை, நான் காரட் நறுக்கிக்கொண்டிருந்தபோது, என் சமையலறையிலேயே வந்து சொன்னான்.

நார்விச்சில் அவன் பேசி முடித்ததும் கேள்வி கேட்கலாம் என்றார்கள். கையைத் தூக்கினேன். ஒலிவாங்கியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"கதவ ஏன் பூட்டினீங்க?" என்றேன்.

என்னைப் பார்த்தான். தலை முழுக்க நரைத்து, நல்ல கம்பளிச் சட்டை போட்ட ஓர் ஆள். முகத்தில் பயம் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நல்ல கேள்விங்க, இத யாருமே கேட்டதில்ல" என்றான். "கதவுக்குப் பூட்டு வைக்கிறதே அந்தக் காலத்துல பெரிய விஷயம். ஒருத்தர் பூட்டினா அடுத்தவருக்கும் அது பூட்டியே இருக்கணும் இல்லையா, அத எழுதறதுக்குள்ள அந்தப் பசங்களுக்கு உயிர் போயிருச்சு." கூட்டம் சிரித்தது. ஒலிவாங்கி அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

வெளியே போகும் வழியில் ஒரு மேசையில் பச்சை எழுத்துத் திரை ஒன்று இருந்தது. யாரோ பழைய அச்சுத் தாள்களை வைத்துத் தீவை மறுபடி உண்டாக்கியிருக்கிறார்களாம். பக்கத்தில் நின்ற பெண் என்னை உட்கார வைத்தாள்.

"பயப்படாதீங்க மேடம், ரொம்ப சுலபம். ஒரு பேரு குடுத்தா உள்ள விட்டுரும்."

'உன் பெயர் என்ன?' என்று கேட்டது திரை. இடது கையை மடியில் வைத்துக்கொண்டேன். வலது கையின் ஒரு விரலால், எழுத்து எழுத்தாக, நாரை என்று அடித்தேன்.

'இந்தப் பெயர் காக்கப்பட்டது. இதை யாரும் பயன்படுத்த முடியாது. வேறு பெயரைச் சொல்.'

"ஐயோ, அது வராதுங்க" என்றாள் அந்தப் பெண். "ஸ்டாட் சார்தான் அத யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு ஒதுக்கி வச்சிருக்காரு. மரியாதைக்காக. இனி எப்பவும் அழியாது."

"எப்பவுமா?"

"எப்பவும். வேற ஏதாச்சும் பறவ பேரு போடுங்களேன். புறா நல்லா இருக்கும்."

எழுந்து மேல்கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்றவர் உட்கார்ந்து இரண்டு கையாலும் ஏதோ ஒரு பெயரை அடித்தார். தீவு அவரை உள்ளே விட்டது.